மண்ணைத் தொட்டவருக்கு விடுதலை

அவைத்தலைவர் அவர்களே, அறிஞர்களே, இந்த மாலைப்பொழுதில் இங்கே கூடியிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

1817ஆம் ஆண்டு ஜனவரியில், ஜமைக்காவைச் சேர்ந்த ‘டீப் நைன்’ என்னும் சிறிய பாய்மரக் கப்பலில் வேலை பார்த்த அடிமைகளில் எழுவர், கப்பலை ஹைட்டிக் கரைக்கு ஓட்டிச் சென்று இறங்கிவிட்டார்கள். அந்தக் கப்பலுக்கும், அன்றைய ஆங்கிலச் சட்டப்படி அந்த மனிதர்களுக்கும் சொந்தக்காரரான ஜேம்ஸ் மெக்கீவன், தம் உடைமையைத் திருப்பித் தரும்படி ஹைட்டி அரசிடம் கேட்டார். குடியரசுத் தலைவர் அலெக்சாந்தர் பெத்தியோன் ஆட்களை ஒப்படைக்க மறுத்துவிட்டார். மறுப்புக்கு இரக்கத்தை அவர் காரணமாகச் சொல்லவில்லை, சட்டத்தைக் காட்டினார். முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட ஹைட்டி அரசியலமைப்பின் 44ஆம் பிரிவின்படி, ஆப்பிரிக்கரும் அமெரிக்கப் பழங்குடியினரும் அவர்கள் வழிவந்தோரும், எந்த நாட்டில், எந்தக் காலனியில் பிறந்திருந்தாலும், ஹைட்டியில் குடியிருக்க வந்தால் ஹைட்டியராகவே ஏற்கப்படுவார்கள். ஓராண்டு தங்கிய பின் குடிமகனுக்குரிய உரிமைகளும் அவர்களுக்கு உண்டு. ஆகவே அந்த எழுவரும் இப்போது ஹைட்டியர்கள், அவர்கள்மேல் யாருக்கும் சொத்துரிமை இல்லை என்பதே பெத்தியோனின் பதில்.

ஹைட்டிப் புரட்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் போர்க்களத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில், அந்தப் போர் உலகுக்கு விட்டுச்சென்ற ஆழமான மரபு இந்த 44ஆம் பிரிவில் இருக்கிறது. வென்றவர்கள் தங்கள் விடுதலையைத் தங்களுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளாமல், கரையேறி வரும் அயலாருக்கும் உரியதாக எழுதிவைத்தார்கள். அதே மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அயல்நாட்டுக் கரைகளை நெருங்கும்போது நடப்பது என்ன என்பதை இந்தப் பிரிவின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய என் உரையின் நோக்கம்.

போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதியில் பிரான்ஸ் நடத்திய, பின்னாளில் ஹைட்டியான சான் தொமாங் காலனியில், 1789 வாக்கில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே போயிற்று. வேலையின் கொடுமை தாங்காமல் மாண்டவர்களின் இடத்தை நிரப்பக் கப்பல் கப்பலாகப் புதியவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். எனவே 1791 ஆகஸ்டில் வட சமவெளியின் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், கடத்தி வரப்பட்ட அயலார். முன்னாள் அடிமையான துசான் லூவெர்த்தூர் தலைமையேற்றதும், நெப்போலியன் 1802இல் பெரும்படை அனுப்பியதும், துசான் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு 1803 ஏப்ரலில் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் இறந்ததும், அதே ஆண்டு நவம்பர் 18இல் வெர்த்தியேர் போரில் பிரெஞ்சுப் படை தோற்றதும், 1804 ஜனவரி 1இல் துசானின் தளபதியாயிருந்த தெசலீன் விடுதலையை அறிவித்ததும் பலரும் அறிந்த செய்திகள். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நெப்போலியன் அனுப்பிய படையில் இருந்த போலந்து வீரர்களில் சிலர், அடக்க வந்த மக்களின் பக்கமே சேர்ந்துகொண்டார்கள். 1805ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வெள்ளையர் யாரும் நிலவுடைமையாளராக வரக் கூடாது என்று தடுத்தபோது, அந்தப் போலந்துக்காரர்களுக்கு விலக்களித்தது. அதே ஆவணம் ஹைட்டியர் எல்லாரும் இனிக் கறுப்பர் என்ற ஒரே பெயரால் அறியப்படுவர் என்றும் சொல்லிற்று. நிறம் பார்த்து அடிமையாக்கப்பட்ட மக்கள், நிறத்தையே ஓர் அரசியல் உறவாக மாற்றிய அந்தத் துணிச்சலை எண்ணி நான் வியப்பதுண்டு.

அதற்காக அந்த நாட்டைப் பொன்னுலகமாக வரைந்து காட்ட நான் விரும்பவில்லை. விடுதலைக்குப் பின் தெசலீனின் ஆணைப்படி, எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். துசான் காலத்திலிருந்தே தோட்ட வேலை கட்டாயமாக்கப்பட்டது. 1826இல் பெத்தியோனுக்குப் பின் குடியரசுத் தலைவரான புவாயேயின் நாட்டுப்புறச் சட்டம் உழவரை நிலத்தோடு பிணைத்தது. ஆனாலும் அரசுகள் இப்படித் தடுமாறிய காலத்திலும், வந்தவரை ஏற்பது என்ற கொள்கை நிலைத்து நின்றது. 1815 இறுதியில் தோற்று ஓடிவந்த தென் அமெரிக்க விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவார், ஹைட்டியின் லே காய் துறைமுகத்தில் இறங்கினார். பெத்தியோன் அவருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் ஆட்களும் கொடுத்து, நீ விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வைத்தார். பத்தாண்டு கழித்துப் பனாமாவில் புதிய குடியரசுகளின் மாநாடு கூடியபோது ஹைட்டிக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை. உதவி பெற்றவர்களின் நன்றி அவ்வளவுதான். 1820களில் அமெரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் ஹைட்டிக்குக் குடியேறினார்கள். ஹைட்டியின் கப்பல்கள் கடலில் அடிமை வணிகக் கப்பல்களை மறித்து, உள்ளே இருந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து விடுவித்ததும் உண்டு. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வாழத் தொடங்கிய நாட்டை மக்கள் ஏன் விட்டு ஓட நேர்ந்தது? காரணங்கள் பல, முதற்காரணம் கடன். 1825இல் பிரான்சின் பத்தாம் சார்ல் மன்னர் பதினான்கு போர்க்கப்பல்களை அனுப்பி, நில உடைமையையும் அடிமை உடைமையையும் இழந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு 15 கோடி பிராங்க் ஈடு கொடுத்தால்தான் உங்கள் விடுதலையை ஏற்போம் என்றார். முதல் தவணையைக் கட்டப் பாரிசிலேயே கடன் வாங்க வேண்டியிருந்தது. பின்னர் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதன் தொடர்பான கடன்களை அடைத்து முடிக்க 1947 வரை ஆயிற்று. உடைத்த சங்கிலிக்கு விலை கேட்டு வாங்கியதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வரலாற்றில் இல்லை என்றே கருதுகிறேன். இடையில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஆக்கிரமிப்பு. 1957 முதல் துவாலியே தந்தையும் மகனுமாக நடத்திய சர்வாதிகாரம். இந்த ஆண்டுகள் எல்லாம் சேர்ந்தே மக்களைப் படகில் ஏற்றின.

1970களில் ஹைட்டிப் படகுகள் புளோரிடாக் கரையை அடையத் தொடங்கின. கியூபாவிலிருந்து வந்தவர்களுக்குக் கதவு திறந்திருந்த அதே காலத்தில், ஹைட்டியரின் புகலிட மனுக்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை மொத்தமாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. மயாமியில் ஜெரார் ஜான்-ஜூஸ்த் என்னும் ஹைட்டியப் பாதிரியார் முன்னின்று நடத்திய அகதிகள் மையம் வழக்குத் தொடுத்தது. 1980இல் நீதிபதி ஜேம்ஸ் லாரன்ஸ் கிங், இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். கரையில் தோற்ற அரசு கடலுக்குப் போயிற்று. 1981இல் ரீகன் அரசு துவாலியே அரசோடு உடன்பாடு செய்துகொண்டு, ஹைட்டிப் படகுகளை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 1990 முடிய 22,940 பேர் மறிக்கப்பட்டார்கள். அவர்களில் புகலிடம் கேட்கத் தகுதியுடையவர்களாகக் கருதப்பட்டவர்கள் பதினொரு பேர். ஹைட்டிக் கப்பல் மறித்தது விடுவிப்பதற்காக. ஹைட்டியரின் படகு மறிக்கப்பட்டது, கால் மண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதற்காக. மண்ணைத் தொட்டால் உரிமை பிறந்துவிடும் என்பதை வாஷிங்டன் வழக்கறிஞர்களும் பெத்தியோனைப் போலவே நன்கு அறிந்திருந்தார்கள்.

1991 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அரிஸ்தீதை ராணுவம் கவிழ்த்தது. அடுத்த ஆறு மாதங்களில் 34,000க்கு மேற்பட்டோர் கடலில் பிடிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கியூபாவிலுள்ள அமெரிக்காவின் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்தும் அமெரிக்கச் சட்டம் எட்டாத இடம் என்று அந்தத் தளத்தைப் பயன்படுத்தும் உத்தி, பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2002இல் அங்கே அடைக்கப்பட்டபோது உலகம் அறிவதற்குப் பத்தாண்டு முன்பே, ஹைட்டியர்மேல் சோதித்துப் பார்க்கப்பட்டது. புகலிடத்துக்குக் காரணம் உண்டு என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டவர்களில், எச்.ஐ.வி. தொற்று இருந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஏறத்தாழ முந்நூறு பேர் தனி முகாமில் வைக்கப்பட்டார்கள். அந்த முகாமை நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் தம் தீர்ப்பில் விவரித்திருக்கிறார்: சுற்றிலும் கூர்முள் கம்பி, மழைச்சாரல் உள்ளே வராதிருக்கக் குப்பை போடும் பிளாஸ்டிக் பைகளைக் கொட்டகையின் பக்கங்களில் கட்டிவைத்திருக்கிறார்கள், படுக்கைக் கட்டில்களுக்கு இடையே மறைப்புக்காகப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ராணுவக் காவலின்றி வெளியே செல்ல அனுமதியில்லை. 1993 ஜனவரி இறுதியில் அங்கிருந்தவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். யேல் சட்டக் கல்லூரி மாணவர்களும் பேராசிரியர்களும் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். ஜூன் 8இல் விடுவிக்க ஆணை பிறந்தது.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை, அதே ஜூன் 21இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், நடுக்கடலில் பிடித்துத் திருப்பி அனுப்புவதைச் சட்டமும் அகதிகள் ஒப்பந்தமும் தடுக்கவில்லை என்று தீர்ப்புக் கூறியது. எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி பிளாக்மன். இந்த மக்கள் உள்ளே வரும் உரிமையைக் கேட்கவில்லை, துன்புறுத்துவோரிடம் வலுக்கட்டாயமாகத் துரத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்தத் தீர்ப்பு ஹைட்டியரோடு நின்றுவிடவில்லை என்பதைத் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் இருந்த 157 ஈழத்தமிழரை ஆஸ்திரேலியா கடலில் மறித்து, ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்துவைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. கரையை எட்டுமுன் மறிப்பது என்ற வழிமுறைக்கு முன்மாதிரி ஹைட்டிப் படகுகள்மேல் உருவானது. மாறாக, 2012இல் இத்தாலிக்கு எதிரான வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கடலிலும் அரசுக்குக் கடமை உண்டு என்றது.

அண்டை நாடான டொமினிக்கன் குடியரசின் கதை தனி உரைக்கு உரியது. 1937இல் அந்நாட்டுச் சர்வாதிகாரி ட்ருஹியோவின் படைகள் எல்லையோரத்தில் ஆயிரக்கணக்கான ஹைட்டியரை வெட்டிக் கொன்றன. கரும்பு வெட்ட அழைத்து வரப்பட்டவர்களின் பிள்ளைகள் ஆலைக் குடியிருப்புகளில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் மறுக்கப்பட்டு வளர்ந்தார்கள். அப்படிப்பட்ட குடியிருப்பில் 1963இல் பிறந்த சோனியா பியேர், பதின்மூன்று வயதில் வெட்டுத் தொழிலாளர் போராட்டத்தை முன்னின்று நடத்திக் கைதானவர். அவர் நடத்திய அமைப்பு இரு சிறுமிகளுக்காக அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, பெற்றோரின் குடியேற்ற நிலை பிள்ளைகளுக்குத் தொடராது என்ற தீர்ப்பை 2005இல் பெற்றது. 2013இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1929 வரை பின்னோக்கிச் சென்று ஹைட்டி வம்சாவளியினரின் குடியுரிமையைப் பறித்தபோது சோனியா உயிரோடு இல்லை.

நீதிமன்றத்துக்கு வெளியேயும் ஹைட்டியர் போராடி நின்றிருக்கிறார்கள். ஹைட்டியர் எவரும் ரத்ததானம் செய்யக் கூடாது என்று 1990இல் அமெரிக்க மருந்துத் துறை அறிவித்தபோது, ஏப்ரல் 20இல் பல்லாயிரம் பேர் புரூக்ளின் பாலத்தைக் கடந்து நியூயார்க்கின் நிதிப் பகுதியை நிறைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை விலகியது. 2021 செப்டம்பரில் டெக்சாசின் டெல் ரியோ பாலத்தடியில் தங்கியவர்களைக் குதிரைக் காவலர் விரட்டிய படங்கள் உங்கள் நினைவில் இருக்கும். 2024இல் ஒகையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைட்டியர் அண்டை வீட்டு நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்ற பொய் அதிபர் வேட்பாளரின் மேடையேறியது. வெடிகுண்டு மிரட்டல்களால் அங்கே பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வூர் ஹைட்டியரில் பெரும்பாலோர் சட்டப்படி தங்கியிருந்தவர்கள், ஆலைகளில் உழைத்தவர்கள்.

ஹைட்டியில் ஆயுதக் கும்பல்களால் வீடிழந்தோர் 2025 நடுவில் 13 லட்சம். அந்த ஆண்டில்தான் அமெரிக்க அரசு, 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டியருக்கு நாடு கடத்தப்படாமல் தங்கி வேலை பார்க்க வழங்கிய தற்காலிகப் பாதுகாப்பை முன்கூட்டியே முடிக்க ஆணையிட்டது. ஹைட்டியப் போதகர்களின் சங்கமும், கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களின் தொழிற்சங்கமும், பாதுகாப்புப் பெற்றிருந்த தனிமனிதர்களும் புரூக்ளினில் வழக்குத் தொடுத்தார்கள். ஜூலை மாதம் நீதிபதி பிரையன் கோகன், கொடுத்த காலக்கெடுவை இடையில் வெட்ட அமைச்சருக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, அந்தக் கெடுவை 2026 பிப்ரவரி 3 வரை நிற்கச் செய்தார்.