நுணலும் வாசிகசாலையும்

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஓரிரு வரிகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து மங்கள விளக்கேற்றிய பிரதம விருந்தினர் அவர்களே, அவருக்குப் பொன்னாடை போர்த்திய சிறப்பு விருந்தினர் அவர்களே, அவருக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர் அவர்களே... தலைவரை இரண்டாம் தரமும் விளித்துவிட்டேன். பிழையில்லை, மண்டப வாடகையில் பாதி அவர் கொடுத்தது. முன்வரிசையில் இருக்கும் என் ஆசிரியர் அவர்களே, தமிழ்மொழி வாழ்த்துப் பாடிய பிள்ளைகளே, காலி வீதி நெரிசலில் நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே வந்து இங்கேதான் இருக்க இடம் கிடைத்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு "கூச்சமும் கைத்தொலைபேசியும்". மூன்று விடயங்கள் சொல்லப்போகிறேன். முதலாவது மனித வகைகள், இரண்டாவது தொலைபேசி, மூன்றாவது நம் பிள்ளைகள். அதற்கு முன் ஒரு பழமொழி. என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். "நுணலும் தன் வாயால் கெடும்." பழமொழி நானூற்றில் இதற்கு முந்திய அடியையும் பாருங்கள். "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும்" நுணல். மணலுக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்த தவளை, வாயைத் திறந்ததால் கெட்டது. எல்லோரும் வாயைக் குறை சொல்கிறார்கள். மணலுக்குள் கிடக்கும் சுகத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

வகைகளுக்கு வருவோம். தனக்குள் அடங்குபவர் அகமுகி, கூட்டத்தை நாடுபவர் புறமுகி. இந்தப் பிரிவை உலகறியச் செய்தவர் சுவிற்சர்லாந்து மருத்துவர் கார்ல் யுங். 1921 இல் வந்த நூலில் அதை விரித்து எழுதினார். முழுக்க அகமுகி, முழுக்க புறமுகி என்று எவரும் இல்லை என்பதும் அவர் கருத்துத்தான். பின்னர் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும், பிரிக்ஸ், மயர்ஸ் என்பவர்கள், யுங்கைப் படித்துவிட்டு மனிதரைப் பதினாறு வகையாக்கிக் கேள்வித்தாளும் தயாரித்தார்கள். இருவரும் உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒரு மாதம் கழித்து அதே கேள்விகளுக்குத் திரும்ப விடை எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. சாதகமாவது அப்படி மாறாது! இன்றைய ஆய்வாளர்கள் அகமுகி, புறமுகி என்பதைத் தனித்தனி வகைகளாக அல்ல, ஒரே அளவுகோலின் இரு முனைகளாகத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலானோர் நடுவில் நிற்கிறோம்.

ஐசெங் என்ற உளவியலாளர் தேசிப்புளியை நாக்கில் சில துளி விட்டுப் பார்த்தார். அகமுகிகளுக்குச் சராசரியாக எச்சில் கூடுதலாக ஊறியது. அவர்களுடைய மூளை சின்னத் தூண்டலுக்கே விழித்துக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. அதனால் தலைப்பிலுள்ள "கூச்சம்" என்ற சொல்லையும் திருத்தவேண்டும், ஏற்பாட்டாளர்கள் மன்னிக்க. கூச்சக்காரர் வேறு, அகமுகி வேறு. கூச்சக்காரருக்குக் கூட்டத்துக்குப் போக ஆசை, ஆனால் பயம். அகமுகி பயமில்லாமல் போவார், ஒரு மணித்தியாலத்தில் களைத்து வீட்டுக்குத் திரும்புவார்.

இனித் தொலைபேசி. என் மச்சானின் கதை. சொல்ல அனுமதி கேட்டேன், தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது தெளிவில்லை.

மச்சான் ஓய்வுபெற்ற கணக்காளர். கடற்கரைப் பக்கத் தொடர்மாடியொன்றில் ஐந்தாம் மாடி. அந்தத் தொடர்மாடிக்கு ஒரு வட்ஸ்அப் குறூப். காலையில் தாமரைப்பூவோடு வணக்கம், மத்தியானம் தண்ணீர் மோட்டர், இரவில் யாருடைய கார் யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற வழக்கு. மூன்று வருடமாக மச்சான் ஒரு கட்டைவிரல்கூடப் போட்டதில்லை. "தலைக்கனம் பிடிச்ச மனுசன்" என்று கதை வந்தது. என் தங்கை பொறுக்கமாட்டாமல், "இரண்டாம் மாடி அம்மா செத்துப்போனா. ஒரு அனுதாபமாவது போடுங்கோவன்" என்றாள்.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஆழ்ந்த" சரியா, "ஆழ்ந்து" சரியா என்று அகராதி பார்த்தார். ஆச்சரியக்குறி போட்டார், மரணத்துக்கு ஆச்சரியமா என்று அழித்தார். நாற்பது நிமிடம். கடைசியில் "ஆழ்ந்த அனுதாபங்கள், ஆத்மா சாந்தியடையட்டும்" என்று அனுப்பினார். அந்த நாற்பது நிமிடத்துக்குள் குறூப்பில் வேறு சங்கதி நடந்திருந்தது. தொடர்மாடிச் சங்கத் தலைவருக்கு அன்று அறுபதாவது பிறந்தநாள். மாலையும் கேக்குமாக அவருடைய படம். அதற்கு நேர் கீழே மச்சானின் ஆத்மா சாந்தி.

பதறிப்போய் அழிக்கப் பார்த்தார். "எல்லோருக்கும் அழி" என்பதை அமுக்குவதற்குப் பதில் "எனக்கு மட்டும் அழி" என்பதை அமுக்கிவிட்டார். அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நிம்மதியாக நித்திரை கொண்டார்! நாற்பது குடும்பம் விடியும்வரை சிரித்தது. நுணலும் தன் வாயால் கெடும், மச்சான் விரலால் கெட்டார்.

மறுநாள் காலை லிப்டில் தலைவர் ஏறினார். "ஐயா, நான் இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்." மச்சான் சுவரைப் பார்த்தார். கீழ்த்தளம் வந்ததும் தலைவர் மெல்லச் சொன்னார், "எனக்கும் உந்தக் குறூப் பிடிக்காது ஐயா. தலைவரா இருக்கிறதாலை விலகேலாமல் கிடக்கு." இப்போது இருவரும் மாலையில் மரைன் டிரைவில் நடக்கிறார்கள். என்ன கதைப்பீர்கள் என்று கேட்டேன். "கதைக்கிறேல்லை, நடக்கிறது" என்றார் மச்சான்.

இணையம், அடங்கிய சுபாவக்காரருக்கு வரப்பிரசாதம் என்பார்கள். 1998 இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் ரொபேட் கிறவுட் குழுவினர் 73 வீடுகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. அங்கே இணையப் பாவனை கூடக்கூடத் தனிமையும் சற்றுக் கூடியிருந்தது. 2002 இல் வந்த தொடர்ச்சியில் அந்தக் கெடுதல் பெரும்பாலும் மறைந்திருந்தது, ஆனால் புதிதாகச் சேர்த்தவர்களிடம் இன்னொன்று தெரிந்தது: புறமுகிகள் நன்மை அடைந்தார்கள், அகமுகிகளுக்குத் தனிமை கூடியது. கொழுத்த ஆட்டுக்கே குழை விழுகிறது.

பின் எங்கே போவது? இதைச் சொல்லத்தான் வந்தேன். ஊரில் நமக்கு வாசிகசாலை இருந்தது. ஒரு வாங்கு, வீரகேசரி ஒன்று, தினகரன் ஒன்று. ஐந்து பேர் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். வணக்கம் சொல்லத் தேவையில்லை, பூப் போடத் தேவையில்லை. நடுத்தாளை நீட்டினால் அதுவே உறவு. மணலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் நுணல்கள்! 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இதே வெள்ளவத்தையில் நூலகம் வைத்திருக்கிறது, நன்றி. நான் கேட்பது இன்னும் சின்னது. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு, தொடர்மாடிகளின் கீழ்த்தளங்களில் ஒவ்வொரு அறை, ஒரு வாங்கு, நாலு பத்திரிகை, இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். பேச்சாளர் வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது விடயம், பிள்ளைகள்... தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். பிறகு பார்ப்போம்.

அந்த அறைகளைக் கேட்டு வாசலில் ஒரு தாளும் நூலில் கட்டிய பேனையும் இருக்கின்றன. கையெழுத்து மட்டும் போதும், யாரோடும் கதைக்கத் தேவையில்லை. முதல் கையெழுத்து மச்சானுடையது. அவர் கடைசி வரிசையில் இருக்கிறார். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். வணக்கம்.