அலை அழித்த பெயர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நேரம் குறைவு, அதனால் பதினான்கே வரிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரின் 'அமோரெட்டி' என்ற காதல் பாட்டுத் தொகுப்பில் 75ஆம் பாட்டு. மொத்தம் 89 சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிப் பாட்டுகள், கொண்ட அந்தத் தொகுப்பு 1595இல் லண்டனில் அச்சானது.

கதை சின்னதுதான். ஒருவர் கடற்கரை மணலில் காதலியின் பெயரை எழுதுகிறார். அலை அழிக்கிறது. மறுபடி எழுதுகிறார். கடல் ஏறிவந்து அவர் பட்ட பாட்டையெல்லாம் இரையாக்கிக்கொள்கிறது.

அப்புறம்தான் விஷயமே. அவள் வாய் திறக்கிறாள். அந்தக் காலத்து சானெட்டுகளில் காதலி பெரும்பாலும் பேசுவதில்லை, பாடப்படுவதோடு சரி. இவளோ நான்கு வரி பேசுகிறாள், அதுவும் கடிந்து. "வீம்புக்காரரே, ஏன் இந்த வீண் வேலை? நானே ஒருநாள் இப்படித்தான் அழியப்போகிறேன், என் பெயரும் கூடவே போகும்" என்கிறாள். ஆங்கிலத்தில் 'வெய்ன்' என்ற ஒரே சொல் ஒரே வரியில் இரண்டு முறை வந்து வீம்பாகவும் வீணாகவும் நிற்கிறது.

அவர் பதில் சொல்லும் அழகைப் பாருங்கள். அவள் பேச்சு 'லைக்வைஸ்' என்று முடிகிறது. அவர் முதல் வரி 'டிவைஸ்' என்று முடிகிறது. அவள் விட்ட இயைபைப் பிடித்துக்கொண்டுதான் அவளை மறுக்கிறார். அந்தாதி கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் கொக்கி உடனே பிடிபடும். ஸ்பென்சரின் சானெட் முழுக்க இப்படித்தான், ஒவ்வொரு நாலடியும் அடுத்ததைக் கைப்பிடித்து இழுக்கும். "என் பாட்டு உன் பெயரை வானத்தில் எழுதும்" என்று பெருமை பேசுகிறார். அதுவரை 'என்', 'உன்' என்றே ஓடிய பாட்டில், கடைசி வரியில்தான் முதல்முறையாக 'நம் காதல்' வருகிறது.

அந்தக் காதலி, ஸ்பென்சர் மணந்த எலிசபெத் பாயில். 1594 ஜூன் 11 அன்று அயர்லாந்தில் திருமணம். மணப்பாட்டும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே ஆங்கில ஆட்சியின் ஆள், ஐரிஷ்காரரிடம் பறித்த நிலத்தில் குடியிருந்தவர். 1598 கலகத்தில் அவருடைய கில்கோல்மன் கோட்டை எரிந்தது. காதல் கவிஞர் என்று மட்டும் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, மணலில் எழுதிய பெயர் என்ன? 75ஆம் பாட்டில் அது இல்லவே இல்லை! இதை மட்டும் தனியே படிப்பவருக்கு அலை அழித்தது அழித்ததுதான். 74ஐப் படித்தால் தெரியும். தாய், அரசி, காதலி மூவருக்கும் ஒரே பெயர், எலிசபெத், என்று அதில் எழுத்தெழுத்தாகக் கொண்டாடுகிறார். தாய் உடலைத் தந்தாள், அரசி செல்வம் தந்தாள். காதலி? புழுதியிலிருந்து என் உயிரை எழுப்பினாள் என்கிறார். அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு 75க்கு வாருங்கள். "அழியப்போகிறேன்" என்றவளிடம் அவர் சொல்கிறார்: "அற்பமானவை புழுதியில் சாகட்டும், நீ மாட்டாய்."