எட்டு வினாடி நாடாவும் ஒரு நிமிட இசையும்

அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இசைத்தட்டுகளைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்று நான் இசைத்தட்டுக்கு வெளியே இருக்கிற ஓர் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொலைக்காட்சித் தொடர் தொடங்கும்போது பெயர்கள் ஓடுமே, அப்போது ஒலிக்கும் தலைப்பு இசை. அதை எழுதியவர் டேவ் கிரீன்ஸ்லேட், இங்கிலாந்துக்காரர். 1943-இல் வோக்கிங் என்ற ஊரில் பிறந்தவர். நீண்ட படைப்புகளாக விரியும் ராக் இசையான புரோகிரசிவ் ராக் கேட்பவர்களுக்குக் கொலோசியம் குழுவின் ஆர்கன் வாசிப்பாளராக அவரைத் தெரியும். அவருடைய வேலையில் பாதிதான் நம் காதுக்கு வந்திருக்கிறது என்பது என் வாதம். மறு பாதியை இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன்.

எனக்கே அது தற்செயலாகத்தான் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த வீடியோ கேசட் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைப் பற்றிய தொடர். கதை பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் ஒரு பெண் குரல் பாடியதே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் பெயர்கள் ஓடுகிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். பழைய கேசட்டை நிறுத்தினால் திரை நடுங்கும், குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்த நடுக்கத்துக்கு நடுவே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிரீன்ஸ்லேட். அந்தப் பெயர் பொறித்த இசைத்தட்டு அதே அறையில், கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அலமாரியில் இருந்தது கொலோசியத்தின் 'வேலன்டைன் சூட்'. 1969-ஆம் ஆண்டுத் தட்டு. வெர்டிகோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் எல்.பி., அதாவது முதல் நீண்ட இசைத்தட்டு, அதுதான். டிரம்ஸில் ஜான் ஹைஸ்மன், சாக்ஸபோனில் டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித், பாஸ் கிதாரில் டோனி ரீவ்ஸ், ஆர்கனிலும், உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனிலும் கிரீன்ஸ்லேட். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே படைப்பு, மூன்று பகுதிகள், ஏறத்தாழ 17 நிமிடம். ஆர்கன் ஒரு சிறு சொற்றொடரை எடுத்து வைக்கும். சாக்ஸபோன் அதை வாங்கிக்கொள்ளும். டிரம்ஸ் அதை உடைத்துப் போடும். மறுபடியும் ஆர்கன் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்தப் பொறுமை அந்நியமானதே இல்லை.

கொலோசியம் 1971-இல் கலைந்தது. அடுத்த ஆண்டு ரீவ்ஸையும் சேர்த்துக்கொண்டு தன் பெயரிலேயே கிரீன்ஸ்லேட் ஒரு குழு அமைத்தார். அது விசித்திரமான குழு. ராக் குழு என்ற பெயர், ஆனால் கிதார் வாசிக்க நிரந்தரமான ஆள் கிடையாது. அந்த இடத்தில் இன்னொரு கீபோர்டு, அதை வாசித்தவர் டேவ் லாசன். டிரம்ஸில் ஆண்ட்ரூ மெக்கலக். 1973-இலிருந்து 1975-க்குள் நான்கு எல்.பி. வெளியிட்டார்கள்.

அந்தக் குழு மெலோட்ரான் என்ற கருவியை நிறையப் பயன்படுத்தியது. அதைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் சாவி அதற்குள் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சிறிய பியானோ போல இருக்கும். எம் 400 என்ற மாதிரியில் 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. அதில் புல்லாங்குழலோ வயலின்களோ அந்த ஒரு சுரத்தை வாசித்த பதிவு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடத் தொடங்கும், குழல் ஒலிக்கும். விரலை எடுத்தால் சுருள்கம்பி நாடாவை இழுத்துப் பழைய இடத்தில் விட்டுவிடும். நாடாவின் நீளம் சுமார் எட்டு வினாடி. எட்டு வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் நாடா தீர்ந்து ஒலி நின்றுவிடும்.

இதை வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். சுரத்தில் லயித்து அப்படியே நின்றுவிட முடியாது. எட்டாவது வினாடிக்கு முன்னால் விரலை எடுத்தாக வேண்டும், எடுக்கும்போது அடுத்த விரல் தயாராக இருக்க வேண்டும். எதையும் தொடங்கும்போதே முடிவைக் கணக்கு வைத்துத் தொடங்க வேண்டும். பதினேழு நிமிடம் விரித்து வாசித்த மனிதர் இந்த எட்டு வினாடிக் கட்டுப்பாட்டிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். தொலைக்காட்சிக்கு அவர் வந்தபோது விரலில் அந்தப் பயிற்சி இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

1976-இன் தொடக்கத்தில் கிரீன்ஸ்லேட் குழுவும் கலைந்தது. அந்த ஆண்டுதான் குறுகிய, வேகமான, முரட்டு ராக் பாடல்களான பங்க் இசை இங்கிலாந்தில் தலையெடுக்கிறது. நீண்ட படைப்புகளையும் அடுக்கடுக்கான கீபோர்டுகளையும் பழைய சரக்கு என்று ஒதுக்கத் தொடங்குகிறார்கள். புரோகிரசிவ் ராக் வரலாறு எழுதுகிற பலரும் அந்த இடத்தோடு பேனாவை மூடிவிடுவார்கள். கிரீன்ஸ்லேட்டின் அடுத்த கதை தொடங்குவதும் அதே ஆண்டில்தான்.

பிபிசி பர்மிங்ஹாமில் 'கேங்ஸ்டர்ஸ்' என்ற தொடரை எடுத்தது. பிலிப் மார்ட்டின் எழுதியது. முதலில் 1975-இல் தனி நாடகமாக வந்து, 1976-இலும் 1978-இலும் ஆறு ஆறு பகுதிகளாகத் தொடர்ந்தது. சிறையிலிருந்து வெளியே வந்த முன்னாள் படைவீரன் ஒருவன் நாயகன், நடித்தவர் மாரிஸ் கோல்போர்ன். இரவு விடுதிகள், கள்ளத்தனமாக ஆட்களைக் கொண்டுவரும் கும்பல்கள், பர்மிங்ஹாமின் கால்வாய்கள், தெற்காசியக் குடும்பங்கள் வாழும் தெருக்கள். நம் இந்திய நடிகர் ஸயீத் ஜாஃப்ரி அதில் ரஃபீக் என்ற பாத்திரத்தில் வருகிறார். அன்றைய பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இந்த முகங்களை இவ்வளவு முன்னால் நிறுத்திய தொடர்கள் மிகக் குறைவு. வன்முறைக்காகவும் இனங்களைச் சித்திரித்த விதத்துக்காகவும் அது கடுமையாகத் தாக்கப்பட்டது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், அந்த நகரத்தை உள்ளபடி காட்டிவிட வேண்டும் என்ற வேகமும் தொடரில் இருக்கிறது.

அந்த வேகத்தைத் தாங்கியது கிரீன்ஸ்லேட்டின் இசை. ஜாஸும் ராக்கும் கலந்த, உடம்பை முன்னுக்குத் தள்ளுகிற தாளம். வேலன்டைன் சூட்டில் கேட்ட அதே கை, ஆனால் இங்கே விரிப்பதற்கு நேரமில்லை. பார்ப்பவர் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் இது எந்த ஊர், எந்த நேரம், யாரை நம்பக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுகிறது.

1976-இல் வந்த முதல் வரிசைப் பகுதிகளில் அது வெறும் வாத்திய இசை. இரண்டாவது வரிசையில் தொடரின் போக்கே மாறிவிட்டது. கதை கதையாக மட்டும் நிற்காமல் கட்டறுத்துக்கொண்டு ஓடியது. எழுத்தாளர் பிலிப் மார்ட்டினே ஒரு பாத்திரமாகத் திரையில் வந்து நின்றார். அப்போது அந்தத் தலைப்பு இசைக்கும் ஒரு குரல் வந்து சேர்ந்தது. பாடியவர் கிறிஸ் ஃபார்லோ.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 1960-களில் ஃபார்லோவின் தண்டர்பேர்ட்ஸ் குழுவில் பின்னால் உட்கார்ந்து ஆர்கன் வாசித்த இளைஞர்தான் கிரீன்ஸ்லேட். பிறகு 1970-இல் ஃபார்லோ கொலோசியத்தில் பாடகராக வந்து சேர்ந்தார். கூலிக்கு ஓர் அவசர வேலையை முடித்துக் கொடுக்கிற மனிதர், தன் இளமைக்கால வாழ்க்கையின் குரலை அதற்குக் கூப்பிடுவாரா? தொலைக்காட்சிக் கட்டணம் கட்டியவர், கட்டாதவர் எல்லாருக்கும் கேட்கும் ஒரு நிமிட இசைக்குத் தன்னிடம் இருந்த மிகச் சிறந்த குரலைக் கொண்டுவந்தார். அந்த வேலையை அவர் எப்படி மதித்தார் என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நடுவில் 1979-இல் கிரீன்ஸ்லேட், ஓவியர் பேட்ரிக் உட்ரோஃபுடன் சேர்ந்து இரட்டை எல்.பி. ஒன்றை வெளியிட்டார். கூடவே 47 பக்க ஓவியப் புத்தகம். வேற்றுலகத்து வேதம் போன்ற ஒரு கற்பனை, அதற்கென்று ஓவியர் உருவாக்கிய தனி எழுத்துமுறை. ஃபில் காலின்ஸ் அதில் டிரம்ஸ் வாசித்தார். சேகரிப்பாளர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள். நல்ல படைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தேடி அலைகிறவர்கள், அதே விரல்கள் மூன்று ஆண்டு கழித்துச் செய்ததைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

1982-இல் 'பேர்ட் ஆஃப் ப்ரே'. ரான் ஹட்சின்சன் எழுதியது, நான்கு பகுதிகள். ஹென்றி ஜே என்ற அரசு அலுவலர், ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் நடித்தது. பருத்த உடம்பு, சாதுவான முகம். கணினி மோசடி ஒன்றைப் பற்றி அறிக்கை தயாரிக்கப் போய், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஒன்றின் வாயில் மாட்டிக்கொள்கிறார். கணினி வீடுகளுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. இங்கே கிரீன்ஸ்லேட் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரை எடுத்தார். கேங்ஸ்டர்ஸில் கேட்ட வியர்வையும் புகையும் இதில் இல்லை. எதிரிக்கு முகம் இல்லாத கதைக்கு, மூச்சுக்காற்று படாத ஒலி. பத்தாண்டுகளாகக் கருவிகளை அடுக்கி அடுக்கிப் பழகிய ஒருவருக்குத்தான் அவற்றில் எதை விட வேண்டும் என்று தெரியும்.

பிறகு 1986-இல் என் கேசட்டில் இருந்த தொடர், 'எ வெரி பெக்யூலியர் பிராக்டிஸ்'. ஆண்ட்ரூ டேவிஸ் எழுதியது. பீட்டர் டேவிசன் இளம் மருத்துவராக நடித்தார். லோலண்ட்ஸ் என்ற கற்பனைப் பல்கலைக்கழகம். பணம் இல்லை, கட்டடங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன, மருத்துவ நிலையத்தில் மருத்துவர்களுக்கே மருந்து தேவைப்படுகிறது. வளாகத்தில் கன்னியாஸ்திரிகள் இருவர் குப்பைத்தொட்டிகளைக் கிளறிக்கொண்டே இருப்பார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட கதைக்கு வேறு யாராக இருந்தாலும் கேலியான இசை ஒன்றைப் போட்டிருப்பார்கள். கிரீன்ஸ்லேட் எழுதியது ஒரு காதல் பாட்டு. 'உன்னை நாங்கள் நேசிக்கிறோம்' என்று பொருள்படும் தலைப்பு. எல்கி புரூக்ஸ் உளமாரப் பாடுகிறார், ஓரிடத்திலும் கேலியாகக் கண் சிமிட்டவில்லை. அந்தப் பாட்டு அவ்வளவு ஆதரவாக வருடிக்கொடுப்பதால்தான், அடுத்து வரும் காட்சியில் ஒருவரையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது நமக்கு உறைக்கிறது. ஐம்பது நிமிட நாடகம் சொல்லப்போவதை முன்கூட்டியே எதிர்த் திசையிலிருந்து சொல்லிவிடும் இசை அது.

மூன்று தொடர்கள், மூன்று வெவ்வேறு உலகங்கள். கேட்டால் ஒரே ஆள் எழுதியது என்று எளிதில் சொல்ல முடியாது. ஒருவேளை அதுவே அவருக்குப் பகையாகிவிட்டது. ராக் ரசிகர்கள் இதை வயிற்றுப்பாட்டு வேலை என்று ஒதுக்கினார்கள். தொலைக்காட்சி விமர்சகர்கள் நடிகரைப் பற்றி எழுதினார்கள், எழுத்தாளரைப் பற்றி எழுதினார்கள். இசை இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் நின்றது.

இந்த அலட்சியம் கிரீன்ஸ்லேட்டோடு நிற்கவில்லை. 1963-இல் தொடங்கிய பிபிசியின் அறிவியல் கற்பனைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் தலைப்பு இசையை உலகமே அறியும். ரான் கிரெய்னர் எழுதியதை, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி ஒலியாக உருவாக்கியவர் டீலியா டெர்பிஷயர். உரிமைத் தொகையில் பாதியை அவருக்குத் தர வேண்டும் என்று கிரெய்னரே கேட்டும் பிபிசி விதிகள் இடம் தரவில்லை. திரையில் அவர் பெயர் வந்தது 2013-இல். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொலோசியத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1992-இல் தொடங்கி 2010 வரை ஓடிய 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்' துப்பறியும் தொடரின் தலைப்பு இசை, ஜான் ஹைஸ்மனும் அவர் மனைவி, சாக்ஸபோன் கலைஞர் பார்பரா தாம்ப்சனும் சேர்ந்து அமைத்தது. கிரீன்ஸ்லேட்டுக்கும் ஹைஸ்மனுக்கும் இது கௌரவக் குறைவாகத் தோன்றியிருந்தால் இருவருமே இதில் இவ்வளவு உழைத்திருக்க மாட்டார்கள். நம் கச்சேரிகளிலும் துக்கடா வந்ததும் செருப்பைத் தேடி எழுந்து போகிறவர்கள் உண்டு. பாடுகிறவருக்குத் தெரியும், மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தின் முகத்தைக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று.

1994-இல் கொலோசியம் மறுபடி ஒன்று சேர்ந்தது. மேடையில் கிரீன்ஸ்லேட் இருந்தார், ஹைஸ்மன் இருந்தார், பாடுவதற்கு ஃபார்லோவும் இருந்தார். 2015-இல் லண்டனில் விடைபெறும் கச்சேரி வரை அவர்கள் வாசித்தார்கள். வேலன்டைன் சூட்டுக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதைப் பதிவுகளில் கேட்கலாம். அந்தக் கைதட்டல் அவருக்கு உரியதுதான். அதில் ஒரு பங்கை இந்த மூன்று நிமிடங்களுக்கும் கேட்கத்தான் நான் இங்கே வந்தேன்.

பேசியது போதும். தம்பி, கேங்ஸ்டர்ஸின் அந்த வாத்திய வடிவத்தை முதலில் போடுங்கள், 1976-இல் வந்தது. அது முடிந்ததும் இடைவெளி விடாமல் ஃபார்லோ பாடியதைப் போடுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். கீழே ஓடும் பாஸ் அங்கே சரியாகக் கேட்காது.