ஓடினால் கால் நகம் கறுப்பது ஏன்? ஷூவின் கடைசி ஓட்டையைப் பாருங்கள்!

[திரையில்: மாரத்தான் ஓடுபவரின் கால்கள், ஸ்லோ மோஷனில்]

2015 செப்டம்பர். பெர்லின் மாரத்தான். கென்யாவின் எலியுட் கிப்சோகே ஓடிக்கொண்டிருக்கிறார். முகத்தை விடுங்கள், காலைப் பாருங்கள். ஷூவின் பின்பக்கம் ஏதோ நாக்கைத் தொங்கப்போட்டது போல ஆடுகிறது. அது இன்சோல், ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்க வேண்டிய மெத்தை. ஒரு காலில் மட்டும் இல்லை, இரண்டு காலிலும் வெளியே வந்துவிட்டது. நின்று சரிசெய்தால் நேரம் போகும் என்று மனிதர் அப்படியே ஓடினார். முடித்தபோது காலில் கொப்புளம், ரத்தம். நேரம்? 2 மணி 4 நிமிடம். ஜெயித்தது மட்டுமல்ல, அன்றுவரை அவர் ஓடியதிலேயே அதுதான் வேகமான மாரத்தான்! நாமெல்லாம் சாக்ஸுக்குள் ஒரு மணல் போனாலே தெருமுனையில் உட்கார்ந்துவிடும் ஆட்கள்.

சரி, கொப்புளம் எப்படி வருகிறது? "ஷூ தோலைத் தேய்க்கிறது, வேறென்ன" என்பீர்கள். இல்லை. இப்போதே ஒன்று செய்யுங்கள். ஒரு கையின் ஆள்காட்டி விரலை மறு கையின் புறங்கையில் அழுத்தி வையுங்கள். விரல் வழுக்கக் கூடாது. அப்படியே முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தோல் விரலோடு போகிறது, உள்ளே எலும்பு அசையாமல் இருக்கிறது, இல்லையா? நடுவில் மாட்டிக்கொண்டு இழுபடும் அடுக்குதான் கடைசியில் கிழிகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதாவது கொப்புளம் மேலே தேய்வதால் வருவதில்லை, உள்ளே கிழிவதால் வருகிறது. வியர்வையில் ஈரமான தோல் சாக்ஸோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பருத்தி சாக்ஸ் வேண்டாம் என்கிறார்கள்.

இனி நகம். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஒரு காலடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தாலும் ஒவ்வொரு காலும் 21,000 தடவை தரையில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் பாதம் கொஞ்சம் முன்னால் சறுக்கி நகம் ஷூவின் முனையில் இடித்தால் என்ன ஆகும்? நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும், இல்லையென்றால் நீர்க்கொப்புளம் வந்து நகத்தையே தூக்கிவிடும்.

உடனே எல்லோரும் சொல்வது "ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கு". பாதி சரி. ஓடும்போது பாதம் வீங்கும், முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஆனால் ஷூ தொளதொளவென்று இருந்தால் பாதம் இன்னும் வேகமாகச் சறுக்கி வந்து இடிக்கும்! இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். விரலுக்கு இடம் வேண்டும், குதிகால் அசையக் கூடாது. இரண்டும் எப்படி நடக்கும்?

[திரையில்: ஷூவின் க்ளோஸப்]

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். உங்கள் ஓட்ட ஷூவை எடுங்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில், லேஸ் வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி ஓர் ஓட்டை தனியாக இருக்கிறதா? வாங்கிய நாளிலிருந்து காலியாகவே இருக்கும். நான் பல வருடம் அதைக் காற்றுப் போவதற்கு என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டு போகாமல், அதே பக்கத்தில் இருக்கும் அந்த ஓட்டைக்குள் விடுங்கள். முழுவதும் இழுக்காமல் ஒரு சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இப்போது இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும், வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும், முன்னால் விரல்கள் சுதந்திரமாக இருக்கும். பைசா செலவில்லை. இந்த ஓட்டைக்காகவே ஒரு லைக் போடலாம்.

அப்புறம், நகத்தை நேராக, குட்டையாக வெட்டுங்கள். சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாகி வலித்தால் கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விடலாம், மேல்தோலை மட்டும் உரிக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஊசியைத் தொடவே வேண்டாம், டாக்டரிடம் போங்கள். ரத்தம் கட்டிய நகம் விண்விண் என்று தெறித்தால் டாக்டர் நகத்தில் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார், வலி சட்டென்று இறங்கும். இணையத்தில் பேப்பர் கிளிப்பைச் சூடாக்கிக் குத்துகிறார்களே, அதைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள்.

விழுந்த பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அமெரிக்காவின் மார்ஷல் உல்ரிக் என்ற நெடுந்தொலைவு ஓட்டக்காரர் இந்த வம்பே வேண்டாமென்று அறுவை சிகிச்சை செய்து கால் நகங்களை நிரந்தரமாக எடுத்துவிட்டார். எனக்கு லேஸே போதும்.

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்துக்கு அடியில் வந்தது கால்பந்து காயம் என்று முதலில் நினைத்தார்கள். 1977இல் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அந்தக் கறுப்பும் முன்னால் நகரும். நகரவில்லையா, அடிபடாமலே கோடு போலக் கறுத்திருக்கிறதா, உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் ஷூவில் அந்த ஓட்டை இருந்ததா, இல்லையா? கமென்ட்டில் சொல்லுங்கள். கறுத்த நகத்தின் போட்டோ மட்டும் அனுப்பாதீர்கள், நான் சாப்பிடும்போதுதான் கமென்ட் படிப்பேன்.