பில் கல்லனும் மேடைப் படியும்

தலைவர் அய்யாவுக்கும், இவ்வளவு வேலைக்கு நடுவுல வந்து முன்வரிசைல உக்காந்திருக்குற கவுன்சிலர் அம்மாவுக்கும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யாவுக்கும், மைக் செட் தம்பிக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மா கடைசி வரைக்கும் இருந்து கேக்கணும், ஒரு கோரிக்கை இருக்கு.

பில் கல்லன்னு ஒருத்தர், அமெரிக்க டிவில போட்டி நிகழ்ச்சி நடத்துனவரு, அவரோட ரேடியோ காலம், டிவி காலம், அவரு நடந்த நடை, இத பத்தி பேசப்போறேன். 1920ல பிட்ஸ்பர்க்ல பொறந்தவரு, ஒன்றரை வயசுல போலியோ, ஆயுசு முழுக்க விந்தி விந்திதான் நடந்தாரு. ஆனா பேச்சு இருக்கே! உள்ளூர் ரேடியோல ஆரம்பிச்சு 1944ல நியூயார்க், சிபிஎஸ்ங்கற ஒலிபரப்பு நிறுவனத்துல அறிவிப்பாளர், 1956ல என்பிசிங்கற டிவி நிறுவனத்துல 'தி பிரைஸ் இஸ் ரைட்'னு ஒரு ஷோ நடத்துனாரு. ஒரு சாமான காட்டுவாங்க, நாலு பேரு ஏலம் கேக்குற மாதிரி விலை சொல்லணும், நிஜ விலைய தாண்டாம யாரு கிட்ட வர்றாங்களோ அவங்களுக்கு அந்த சாமான். 1965 வரைக்கும் ஓடுச்சு. மனமிருந்தா மார்க்கமுண்டுங்க.

இவரு நடக்குறத டிவில பாக்குறதே அபூர்வம். ஷோ ஆரம்பிக்கும்போதே சீட்ல இருப்பாரு, இல்லன்னா பக்கத்துலயே ஒரு மறைவுல நின்னு ரெண்டு எட்டு வைப்பாரு, செட்டையே அப்படித்தான் போடுவாங்க. அதனால அவரு விந்துறது பலருக்கும் தெரியாது.

மெல் புரூக்ஸ்னு பெரிய காமெடி நடிகர், அவருக்கும் தெரியாது! 60கள்ல 'ஐ கெஸ்'னு கல்லன் நடத்துன ஷோவுக்கு விருந்தாளியா வந்தாரு. முடிஞ்சதும் கல்லன் எழுந்து அவர நோக்கி வர்றாரு, காலு ஒரு பக்கம் போகுது, உடம்பு ஒரு பக்கம் சாயுது. புரூக்ஸ் என்ன நெனச்சாரு, நம்மள சிரிக்க வைக்க ஆக்‌ஷன் பண்றாருன்னு நெனச்சு, தானும் கைய கால கோணிக்கிட்டு அதே மாதிரி விந்தி விந்தி எதிர்ல போறாரு! சுத்தி இருந்தவங்க முகம் வெளுத்துப்போச்சு, அவருக்கு நெசமாவே கால் சரியில்லன்னு ஒருத்தர் ஜாடை காட்டுறாங்க. புரூக்ஸுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா கல்லன் கோவப்படல, கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. இத புரூக்ஸே பின்னாடி சொல்லியிருக்காரு.

கல்லன் பொறந்த அதே பிட்ஸ்பர்க்லதான் சால்க்னு ஒரு மருத்துவ விஞ்ஞானி போலியோ தடுப்பூசிய உருவாக்குனாரு, 1955ல அது பலிக்குதுன்னு அறிவிச்சாங்க. இந்தியாவுக்கு 2014ல போலியோ இல்லாத நாடுன்னு சான்று கெடச்சுது. ஆனா அதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவங்க நம்ம கூடத்தானே வாழ்றாங்க? மனமிருந்தா மார்க்கமுண்டு, அந்த டிவிக்காரங்க ஒரு மனுஷனுக்காக செட்டையே மாத்துனாங்க. நம்ம மேடைய பாருங்க, செங்குத்தா படி, கைப்பிடி கூட கெடையாது, போன கவியரங்கத்துல சக்கர நாற்காலில வந்த அக்கா கீழ இருந்தேதான் கவிதை வாசிச்சாங்க, மைக் ஒயரு எட்டல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பொது கட்டடத்துக்கு எல்லாரும் போய்வர வசதி வேணும்னு சொல்லுது.

வாசல்ல மேஜை மேல மனு இருக்கு, மேடைக்கு ஒரு சாய்தளமும் கைப்பிடியும் கேட்டு எழுதியிருக்கோம், எல்லாரும் கையெழுத்து போட்டுட்டுப் போங்க, இன்னைக்கே கவுன்சிலர் அம்மா கையில குடுத்துடலாம்.