ஸ்பைடர்மேனைத் தூக்கி நிறுத்தினது யாரு? சூப்பர்ஹீரோ மேல நமக்கு ஏன் இவ்வளவு பாசம்?

[திரை முழுக்க கறுப்பு. நடுவுல ரத்தம் வழியுற சிவப்பு 'எஸ்' எழுத்து.]

1992 நவம்பர் 18. அமெரிக்காவுல காமிக்ஸ் கடைங்க வாசல்ல நீள நீளமா வரிசை. எல்லாரும் கேட்டது ஒரே இதழ். கறுப்பு பிளாஸ்டிக் உறை, அது மேல ரத்தம் சொட்டுற ஒரு 'எஸ்'. உறையைப் பிரிச்சா உள்ள கதைப் புத்தகத்தோட ஒரு கறுப்புத் துணிப் பட்டையும் இருந்துச்சு. கையில கட்டிக்கிறதுக்கு. துக்கம் அனுசரிக்கிறதுக்கு.

செத்தது சூப்பர்மேன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மக்களே. அந்த ஆளு பிறக்கவே இல்ல! காகிதத்துல மையால போட்ட கோடு. அந்தக் கோட்டுக்காகப் பெரியவங்க துக்கப் பட்டை கட்டிக்கிட்டாங்க. அவங்க ஒண்ணும் விவரம் தெரியாதவங்க இல்ல. இவ்வளவு பெரிய ஹீரோவை ஒரேயடியா புதைச்சிட மாட்டாங்கன்னு பல பேருக்கு உள்ளுக்குள்ள தெரியும். அதே மாதிரி 1993லயே அவரும் திரும்பி வந்துட்டாரு. தெரிஞ்சும் மனசு கனத்துச்சு பாருங்க, அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

வணக்கம்! வீடியோவைக் கடைசி வரைக்கும் பாருங்க. நடுவுல ஒரு அஞ்சு பக்கம் காட்டப் போறேன். அந்த அஞ்சு பக்கத்துக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[பழைய அட்டைப்படங்கள் வேகமா ஓடுது.]

வரலாறை ஒரே மூச்சுல சொல்லிடறேன். 1938ல ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர்னு ரெண்டு இளைஞர்கள் உருவாக்கின சூப்பர்மேன். 1939ல பேட்மேன். 1941ல வொண்டர் வுமன். 1962ல ஸ்பைடர்மேன். அவ்வளவுதான், வாங்க விஷயத்துக்குப் போவோம்.

இந்தப் பாசத்துக்கு வழக்கமா ஒரு விளக்கம் சொல்லுவாங்க. 1956ல டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு ஆய்வாளர்கள், ரேடியோவுலயும் டிவியிலயும் அடிக்கடி பாக்குற முகங்களோட நமக்கு ஒரு ஒருதலை உறவு வளருதுன்னு எழுதினாங்க. அவங்களை நமக்கு நல்லாத் தெரியும், நம்மளை அவங்களுக்குத் தெரியவே தெரியாது. உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அது செய்தி வாசிக்கிறவருக்கும் பொருந்தும், பாட்டுப் பாடுறவருக்கும் பொருந்தும். காமிக்ஸ் ஹீரோ கிட்ட மட்டும் இருக்குற ஒண்ணை அது தொடவே இல்ல.

அது என்னன்னா, காமிக்ஸ்ல ஹீரோ அசையறதே இல்ல. அவரை அசைக்கிறது நீங்க.

[ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல. நடுவுல வெள்ளை இடைவெளி மட்டும் மின்னுது.]

இதைப் பாருங்க. முதல் கட்டத்துல ஹீரோ கையை ஓங்குறாரு. அடுத்த கட்டத்துல வில்லன் சுவத்துல போய் விழுந்து கிடக்கிறான். குத்து எங்க? யாரும் வரையல. ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்குற இந்த வெள்ளைக் கோட்டுக்குள்ள, உங்க மண்டைக்குள்ள நடந்துச்சு அந்தக் குத்து. எவ்வளவு வேகம், என்ன சத்தம், எல்லாமே உங்க கணக்கு.

ஸ்காட் மெக்ளவுட்னு ஒரு காமிக்ஸ் கலைஞர் 1993ல இதைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டாரு, அதுவும் காமிக்ஸ் வடிவத்துலயே. அதுல ஒரு உதாரணம் வரும். ஒரு கட்டத்துல ஒருத்தன் கோடாலியை ஓங்கிட்டு நிக்கிறான். அடுத்த கட்டத்துல ராத்திரி நேரத்து ஊரு, ஒரு அலறல் சத்தம், அவ்வளவுதான். கோடாலியை ஓங்குறதை வேணும்னா நான் வரைஞ்சிருக்கலாம், இறக்கினது நீங்கதானேன்னு கேக்குறாரு. படிச்சப்ப எனக்கு முதுகுல சில்லுனு ஏறிடுச்சு. சரியான கேள்வி!

இப்ப இதைத் திருப்பிப் போடுங்க. கொலையில நமக்குப் பங்கு உண்டுன்னா, காப்பாத்துறதுலயும் பங்கு இருக்கணும்ல? ஒரு ஹீரோவோட 100 இதழ் படிச்சிருக்கீங்கன்னா, அவரோட ஆயிரக்கணக்கான அசைவை உங்க மனசால நடத்திக் கொடுத்திருக்கீங்க. அவர் தாவினதும் விழுந்ததும் எழுந்ததும் உங்க தயவுல. அப்படிப்பட்டவர் மேல பாசம் வராம இருக்குமா?

[அட்டைப்படம்: 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆவது இதழ்.]

வாங்க, அந்த அஞ்சு பக்கத்துக்கு வந்துட்டோம். அட்டையில 1966 பிப்ரவரின்னு போட்டிருக்கும். ஓவியம் ஸ்டீவ் டிட்கோ, கதையமைப்பும் அவரோடதுதான். வசனம் ஸ்டான் லீ.

நிலவரம் இதுதான். ஸ்பைடர்மேனோட நிஜப் பேரு பீட்டர் பார்க்கர். அவனை வளர்த்த மே அத்தை ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடிட்டு இருக்காங்க. என்ன நோய் தெரியுமா? முன்னாடி ஒரு தடவை அவங்களுக்கு ரத்தம் தேவைப்பட்டப்ப பீட்டர் பார்க்கர் தன்னோட ரத்தத்தைக் கொடுத்திருப்பான். சிலந்தி கடிச்சதுல கதிர்வீச்சு ஏறின ரத்தம். அதுதான் இப்ப அவங்களைக் கொல்லுது. பாசத்துல கொடுத்தது விஷமாப் போச்சு. இதுக்கு ஒரே மருந்து, ஐஎஸ்ஓ-36. அதை வில்லன் டாக்டர் ஆக்டோபஸோட ஆளுங்க திருடிட்டுப் போயிட்டாங்க. பீட்டர் தேடிக்கிட்டே தண்ணிக்கு அடியில இருக்குற அவனோட மறைவிடத்துக்குப் போறான், சண்டை போடுறான், கூரை இடிஞ்சு ஒரு ராட்சச இயந்திரம் அவன் மேலயே விழுந்துடுது. மருந்துக் குப்பி கண்ணுக்கு எதிர்ல கிடக்கு. கைக்கு எட்டல.

32ஆவது இதழ் அங்கயே முடியுது!

அந்தக் காலத்து வாசகரை நினைச்சுப் பாருங்க. அடுத்த இதழ் ஒரு மாசம் கழிச்சுத்தான். அந்த ஒரு மாசமும் ஸ்பைடர்மேன் அந்த இயந்திரத்துக்கு அடியிலதான் கிடந்தாரு. இவங்க சாப்பிட்டாங்க, தூங்கினாங்க, வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனாங்க. மனசுல ஒரு மூலையில அவர் நசுங்கிக் கிடந்தாரு.

[33ஆவது இதழோட பக்கங்கள், ஒவ்வொண்ணா, மெதுவா.]

முதல் பக்கம் திறக்கிறதே அவர் கிடக்கிற படத்தோடதான். இரும்பு மலை மாதிரி மேல அழுத்துது, கீழ சின்னதா ஒரு உடம்பு. மேல இருந்து தண்ணி கசியுது. முதல்ல ஒரு முயற்சி, நடக்கல. நினைவுல அத்தை முகம் வருது, அத்தையோட கணவர் பென் மாமா முகம் வருது. பென் மாமா சாவு தன்னாலதான்னு அவனுக்குத் தெரியும். இப்ப அத்தையும்.

அப்புறம் தூக்க ஆரம்பிக்கிறான். இங்கதான் டிட்கோவோட கை வேலை. போகப் போக கட்டம் பெருசாகிட்டே வருது. கொஞ்சம் நகருது, கட்டம் கொஞ்சம் பெருசாகுது. இன்னும் நகருது, இன்னும் பெருசாகுது. பாரம் மேல போக போக, பக்கத்துல அவனுக்கு இடம் கிடைச்சுக்கிட்டே வருது. அஞ்சாவது பக்கத்தைத் திருப்பினா பக்கம் முழுக்க ஒரே படம். தூக்கிட்டான்!

நான் இதைப் படிச்சப்ப நாலாவது பக்கத்துல பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். தோள் ரெண்டும் இறுகிப் போயிருந்துச்சு. பக்கத்தைத் திருப்பினதும் பெருமூச்சு ஒண்ணு வந்துச்சு பாருங்க, ஏதோ நானே இறக்கி வெச்ச மாதிரி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கங்களைத் திரும்பப் பாருங்க. முகம் தெரியுதா?

தெரியல. சூப்பர்மேனுக்கு முகம் முழுசாத் தெரியும். பேட்மேனுக்கு வாயும் தாடையும் தெரியும். ஸ்பைடர்மேனுக்கு ஒரு இம்மி தோல் வெளிய தெரியாது. கண்ணையே வெள்ளையா மூடியிருக்கும். ஒரு பையன் வாழ்க்கையில அனுபவிக்கிற உச்சக்கட்ட வேதனையை வரையணும், ஆனா முகத்தை உபயோகிக்க முடியாது. எந்த ஓவியருக்கும் கை நடுங்கும். டிட்கோ முதுகை வரைஞ்சாரு, விரலை வரைஞ்சாரு, குனிஞ்ச கழுத்தை வரைஞ்சாரு. முகத்தை நம்ம கிட்ட விட்டுட்டாரு.

அந்த முகமூடிக்கு உள்ள கண்ணீர் வழியுதா, பல்லு நெறியுதா? நீங்க என்ன நினைச்சீங்களோ அதுதான். நீங்க போட்ட முகம் உங்க முகமாத்தான் இருக்கும், வேற எங்கிருந்து எடுப்பீங்க? முகமூடி முழுசா மூடியிருக்கிறதால உள்ள யார் வேணும்னாலும் இருக்கலாம், எந்த நிறத்துக் குழந்தையும் தன்னை அங்க வெச்சுப் பாக்கலாம்னு ஸ்டான் லீ பேட்டிகள்ல சந்தோஷமா சொல்லியிருக்காரு. சினிமாவுல இது நடக்காது. அங்க நடிகர் முகம் இருக்கு, தூக்குறதுக்கு எத்தனை நொடின்னு இயக்குநர் முடிவு பண்ணிடுறாரு. இங்க எத்தனை நொடிங்கிறது உங்க விரல்ல இருக்கு. நீங்க பக்கத்தைத் திருப்பலன்னா அவன் இன்னும் அடியிலதான் கிடப்பான்.

படங்கள் மூலமா சூப்பர்ஹீரோவுக்கு வந்தவங்க மேல எனக்குக் குறை எதுவும் இல்ல, நல்ல படங்கள் இருக்கு. ஆனா ஒரு தடவையாவது காகிதத்துல படிங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.

[பழைய டெலிபோன் படம்.]

சரி, வாசகர் கையில ஹீரோவோட உயிர் இருக்குன்னு சொன்னேன். நிஜமாவே அப்படி ஒரு தடவை கொடுத்துப் பாத்தாங்க. 1988. பேட்மேனோட கூட்டாளி ராபின், அப்ப அந்த வேஷத்துல இருந்த ரெண்டாவது பையன், பேரு ஜேசன் டாட். இவனை நிறைய பேருக்குப் பிடிக்கல. ஜோக்கர் அவனைக் கடப்பாரையால அடிச்சுப் போடுறான், குண்டு வெடிக்குது, இதழ் முடியுது. பின்னாடி ரெண்டு போன் நம்பர். ஒண்ணு அவன் பிழைக்கணும்னா, இன்னொண்ணு சாகணும்னா. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். ரெண்டு முடிவுக்கும் படம் வரைஞ்சு தயாரா வெச்சிருந்தாங்க.

வந்தது மொத்தம் 10,614 ஓட்டு. பிழைக்கட்டும்னு 5,271. சாகட்டும்னு 5,343.

72 ஓட்டுல ஒரு பையன் செத்தான்.

வெறும் கற்பனைதானேன்னு சொல்றவங்க கிட்ட நான் இந்த 72ஐத்தான் காட்டுவேன். 'சாகட்டும்'னு காசு செலவழிச்சு போன் பண்ணினவங்களும் ஏதோ ஒரு பாசத்துலதான் பண்ணினாங்க: பேட்மேன் மேல, முதல் ராபின் டிக் கிரேசன் மேல. இவன் அந்த இடத்துக்கு லாயக்கு இல்லன்னு ஒரு உரிமைக் கோபம். நமக்கு ஒட்டு உறவு இல்லாத இடத்துல யாராவது இப்படிக் கோபப்படுவாங்களா? எனக்கு அந்த முடிவு இன்னைக்கும் உறுத்துது. 2005ல அவனை ரெட் ஹூட்ங்கிற பேர்ல உயிரோட கொண்டு வந்தாங்க. வந்தவன் கோபத்தோடதான் வந்தான், அதுல நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

[குட்டிக் குழந்தை முதுகுல தொங்குற கேப் மாட்டிக்கிட்டு நிக்கிற கோட்டோவியம்.]

சின்னதா ஒரு ஆராய்ச்சி. 2017ல வெளிவந்துச்சு. 4 வயசு, 6 வயசுக் குழந்தைங்க 180 பேர். சலிப்பான ஒரு கம்ப்யூட்டர் வேலை, 10 நிமிஷம். பக்கத்துலயே ஜாலியான விளையாட்டு, எப்ப வேணும்னாலும் போகலாம். ஒரு பகுதிக் குழந்தைங்க கிட்ட மட்டும் பேட்மேன் மாதிரி யாராவது ஒரு பாத்திரமா தங்களை நினைச்சுக்கச் சொன்னாங்க, கேப் மாதிரி ஏதாவது மாட்டியும் விட்டாங்க. அப்புறம் 'பேட்மேன் கடுமையா உழைக்கிறாரா?'ன்னு கேட்டுக்கச் சொன்னாங்க. அந்தக் குழந்தைங்கதான் அதிக நேரம் வேலையில இருந்தாங்க. இதுக்கு 'பேட்மேன் விளைவு'ன்னே பேரு. குழந்தைங்க பேட்மேனா மாறினப்ப பறக்க முயற்சி பண்ணல, உக்காந்து வேலையை முடிக்கப் பாத்தாங்க. அஞ்சு பக்கம் இயந்திரத்தைத் தூக்குற கதையும் அதேதானே!

இன்னொண்ணு சொல்லி முடிக்கிறேன். 2012. 4 வயசுப் பையன், காது சரியாக் கேக்காது. நீல நிறத்துல ஒரு காது கேட்கும் கருவி வெச்சிருந்தான். ஒருநாள் காலையில மாட்ட மாட்டேன்னுட்டான். காரணம்? சூப்பர்ஹீரோ யாரும் இதை மாட்டிக்கிறது இல்லையாம். அவங்க அம்மா என்ன பண்றதுன்னு தெரியாம, ஸ்பைடர்மேன் காமிக்ஸ் போடுற மார்வெல் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாங்க.

அங்க இருந்தவங்களுக்கு ஹாக்ஐ ஞாபகம் வந்துச்சு. அம்பு விடுற ஹாக்ஐ. 1983ல வந்த கதையில, வில்லனோட ஒலிக்கருவி தன் மூளையைப் பிடிச்சிடக் கூடாதுன்னு, ஒலி எழுப்புற அம்பு முனையை வாயில கடிச்சு வெடிக்க வெச்சுத் தன் காதைத் தானே பாழாக்கிக்குவாரு. அதுக்கப்புறம் அவரும் காது கேட்கும் கருவி மாட்டிக்கிட்டாரு. அவர் கருவி மாட்டியிருக்கிற ஒரு பழைய அட்டைப்படத்தைப் பையனுக்கு அனுப்பினாங்க. அதோட நிக்கல. அவனையே ஹீரோவா வரைஞ்சு கொடுத்தாங்க. பேரு 'புளூ இயர்', நீலக் காது.

மாட்டிக்கிட்டான்!

அம்மா சொல்லிக் கேக்காத பையன் ஒரு அட்டைப்படம் சொல்லிக் கேட்டான். 1983ல அந்தக் கதையை உருவாக்கினவங்களுக்கு 29 வருஷம் கழிச்சு இப்படி ஒரு பையன் வருவான்னு தெரிஞ்சிருக்காது.

[திரையில மறுபடியும் அந்த அஞ்சாவது பக்கம்.]

இப்ப உங்க முறை. உங்க ஹீரோ யாரு, அவருக்கு என்ன சக்தி, யாரை யார் ஜெயிப்பாங்கன்னு எழுத வேண்டாம், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வெச்சுக்குவோம். உங்க மனசுல இன்னும் நிக்கிற ஒரே ஒரு கட்டத்தைச் சொல்லுங்க. யார் விழுந்து கிடந்தாங்க, மழை பெஞ்சுதா, கையில என்ன இருந்துச்சு. இதழ் நம்பர் மறந்து போச்சா? பரவாயில்ல, படத்தை மட்டும் விவரிங்க. கீழ யாராவது ஒருத்தர் நம்பரோட வந்து சொல்லிடுவாங்க.