லெவி யாருக்கு?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் பேச்சை எடுத்தால் சண்டையில்தான் முடியும், வேறு ஏதாவது பேசிவிட்டு வாருங்கள் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பரவாயில்லை, பேசிவிடுவோம்.

2021 செப்டம்பர் 14-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியான சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் லியோங் மன் வாய் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது அவர் தொகுதியில்லா உறுப்பினர், அதாவது தேர்தலில் நெருங்கித் தோற்றதால் அவையில் இடம் பெற்றவர். வெளிநாட்டுத் திறனாளர் கொள்கையாலும் இந்தியாவுடனான சீக்கா போன்ற வர்த்தக உடன்பாடுகளாலும் மக்களுக்கு வேலைக் கவலை வந்திருக்கிறது, அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்பது சாரம். அதே நாளில் அப்போதைய நிதியமைச்சர் லாரன்ஸ் வோங் தம் பங்குக்கு ஒரு தீர்மானம் கொண்டுவர, விவாதம் நள்ளிரவையும் தாண்டிப் போனது. லியோங்கின் தீர்மானம் தோற்றது. இன்றைக்கும் நம்மவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், "சீக்காவைப் பிடித்துத் தொங்கியவர்தானே" என்பார்கள். தொங்கினார்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் அவர் சொன்ன ஒரு உருப்படியான யோசனை யார் காதிலும் விழாமல் போய்விட்டது.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ், அதாவது உயர் சம்பள வேலைக்கான இ.பி. அனுமதியில் வருகிற ஒவ்வொருவருக்கும் மாதம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி, அதாவது முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிற கட்டணம், போடுங்கள் என்றார்.

இதை ஏன் உருப்படியான யோசனை என்கிறேன்? அறந்தாங்கியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ வந்து கட்டுமானத்தில் வொர்க் பர்மிட்டில் இருக்கிற தம்பிக்காக முதலாளி மாதாமாதம் லெவி கட்டுகிறார். 2024 ஜனவரியிலிருந்து கூடுதல் திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900. அந்த 900 கட்டப்படுகிற பல பேருக்கு அடிப்படைச் சம்பளமே அந்த அளவுக்கு வராது, ஓவர்டைம் பார்த்தால்தான் கைக்கு ஏதோ நிற்கும். அப்புறம் ஒதுக்கீடு வேறு: உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து பேர்தான் எடுக்கலாம், முன்பு ஏழு பேர் வரை எடுக்க முடிந்தது. சாங்கி பிஸினஸ் பார்க்கில் ஏசி அறையில் உட்கார வருகிற இ.பி.காரருக்கோ லெவியும் கிடையாது, இந்த மாதிரி ஒதுக்கீடும் கிடையாது.

லெவியை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது, சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் ஒரு குத்தகைக்காரரிடம் கணக்கு எழுதியவன். லெவி ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்து, போன மறுநாள் அவர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, விடுதி வாடகைக்குக் கீழே, சாப்பாட்டுக்குக் கீழே, லாரி டீசலுக்குக் கீழே என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார். சம்பளத்தில் கை வைக்கவே இல்லை, நல்ல மனிதர். அடுத்த மாதம் மதியப் பொட்டலத்தில் மீன் மட்டும் காணாமல் போயிருக்கும்.

இப்போது எல்லைப் பாதுகாப்பு. வெளிநாட்டு ஊழியர் பேச்சோடு ஒட்டி வருகிற சொல் இது. மலேசியாவுக்குப் போகிற உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் இரண்டிலுமாக ஒரு நாளைக்கு நான்கு லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். ஜோகூரிலிருந்து விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி வருகிற மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாவிட்டால் நம் தொழிற்சாலைகள் என்ன ஆகும் என்று 2020 மார்ச்சில் எல்லை மூடியபோதே பார்த்தோம். பெரும்பாலானவர்கள் கள்ளத்தனமாகவா வருகிறார்கள்? யாரோ ஒரு முதலாளி விண்ணப்பம் போட்டு, மனிதவள அமைச்சு சரி என்று சொல்லித்தானே வருகிறார்கள்? பரோட்டா மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் விதி மாறி, இந்திய உணவகங்கள் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளத்தில் பர்மிட்டில் சமையல்காரரை எடுக்கலாம் என்றானது. அந்த மாற்றத்துக்கும் சோதனைச்சாவடிக்கும் என்ன சம்பந்தம்?

லியோங்கோடு எனக்குச் சண்டை வேறு இடத்தில். லெவியோடு நிறுத்தாமல், ஒரே நாட்டுக்காரர்கள் ஒரு நிறுவனத்தில் குவிவதற்கும் வரம்பு வேண்டும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சீக்கா என்ற உடன்பாட்டை முன்னால் வைத்து இதைப் பேசினால் கேட்கிறவர் மனதில் எந்த முகம் வரும்? 2021 மே மாதம் சுவா சூ காங்கில் வேக நடை போய்க்கொண்டிருந்த இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரை, முகக்கவசம் இறக்கியிருந்தார் என்று இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் உதைத்தான் ஒருவன். அவர் சிங்கப்பூரர். அதற்கு லியோங் பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை, சொல்லவும் கூடாது. அந்தக் காற்று வீசிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம், அவ்வளவுதான். அதுவும், சீக்காவின் கீழ், நிறுவனம் தன் ஊழியரை இங்கே மாற்றி அனுப்புகிற வழியில் 2020-இல் இங்கே இருந்த இந்தியர்கள் சுமார் 500 பேர்தான் என்று மனிதவள அமைச்சர் டான் சீ லெங் அவையிலேயே சொன்ன பிறகு! இ.பி. வைத்திருந்தவர்கள் மொத்தம் ஏறக்குறைய 177,000 பேர்.

இதில் ஒரு வேடிக்கை. 2023 செப்டம்பரில் காம்பஸ் என்ற புள்ளி முறை வந்தது. புதிதாக இ.பி. கேட்பவருக்கு 40 புள்ளி வேண்டும். நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகிகளில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ விண்ணப்பதாரரின் நாட்டவராக இருந்தால், அந்தப் பிரிவில் அவருக்குச் சைபர். வரம்பு என்று எதிர்க்கட்சி சொன்னால் வெறுப்பு, புள்ளி என்று அமைச்சு சொன்னால் பன்முகத்தன்மை. சரி, போகட்டும், ஒரேயடியாகக் கதவைச் சாத்தாமல் புள்ளியோடு விட்டார்களே, அதுவரை நல்லது.

லெவிதான் அப்படியே நிற்கிறது. இ.பி.க்குச் சம்பள வரம்பு இருக்கிறதே என்பது அரசாங்கத்தின் பதில். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி. ஆமாம், இருக்கிறது. அந்த 5,600 முழுக்க அவர் பைக்குத்தானே போகிறது, அரசாங்கத்துக்கு லெவியாக ஒரு காசு வருகிறதா? 2025 தேர்தலுக்குப் பிறகு லியோங்கின் கட்சிக்கு அவையில் ஒரு இடமும் இல்லை. இன்னொரு எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிலிருந்து யாராவது எழுந்து, எந்த நாடு, எந்த இனம் என்று ஆரம்பிக்காமல், கட்டுமானத் தம்பிக்கு 900, இ.பி.காரருக்கு ஏன் சைபர் என்று மட்டும் கேட்கட்டும். மனிதவள அமைச்சர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.